ஆண்டின் சிறந்த ஆல்பங்கள்: பட்டியலோடு வாதிடும்போது தவிர்க்க வேண்டியவை

டிசம்பர் வந்துவிட்டால் விமர்சகர்களின் ஆண்டிறுதிப் பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாகின்றன. நாம் மாதக்கணக்கில் உருகிக் கேட்ட ஆல்பம் 43ஆம் இடத்தில் கிடந்தால் நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கட்டும், இசையை நேசிப்பவருக்கு அது இயல்பு. அந்தக் கொதிப்பை வாதமாக மாற்றும்போதுதான் பலரும் சறுக்குகிறோம்.

முக்கியமான சறுக்கல், பட்டியலை ஒரே மனிதரின் தீர்ப்பாக எண்ணிக்கொள்வது. "ஏழாம் இடமா? இவர்களுக்குக் காதே இல்லையா?" என்கிறோம். பல பேர் வாக்களித்துத் தொகுத்த பட்டியல் என்றால், அந்த ஏழாம் இடத்தை முடிவு செய்தது கூட்டல் கணக்கு. நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் 1970களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்திய 'பாஸ் அண்ட் ஜாப்' வாக்கெடுப்பில், ஒவ்வொரு விமர்சகரும் 100 புள்ளிகளைப் பத்து ஆல்பங்களுக்குப் பகிர்ந்தளித்தார். ஓர் ஆல்பத்துக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 30. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் மனதைப் பறிகொடுத்து ஓர் ஆல்பத்துக்கு 30 புள்ளிகள் தந்தால் மொத்தம் 300. இன்னொன்றை நாற்பது பேர் ஓரளவு ரசித்து 8 புள்ளிகள் வீதம் தந்தால் 320. ஓரளவு ரசிக்கப்பட்டதே மேலே நிற்கும்! ஆகவே, விமர்சகர்களின் தனிப்பட்ட பட்டியல்கள் வெளியாகும் இடங்களில் அவற்றைத் தேடிப் படியுங்கள். கூட்டுப் பட்டியலில் காணாமல் போன உங்கள் ஆல்பத்தை யாரோ ஒருவர் முதலிடத்தில் வைத்திருக்கக்கூடும். அவர் எழுதியதைத் தொடர்ந்து படிப்பது, மற்றவர்களைத் திட்டுவதைவிடப் பயன் தரும்.

தேதியைப் பார்க்காமல் பாய்வது இன்னொரு தவறு. பியான்சே தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தை முன்னறிவிப்பின்றி 2013 டிசம்பர் 13 அன்று வெளியிட்டார். பல இதழ்களின் பட்டியல்கள் அதற்குள் முடிந்திருந்தன.

எத்தனை கோடி முறை கேட்கப்பட்டது என்ற எண்ணிக்கையை ஆதாரமாக நீட்டாதீர்கள். அது வேறு கேள்விக்கான விடை. சான்று இல்லாமல் "காசு வாங்கிவிட்டார்கள்" என்றும் சொல்லாதீர்கள். அதன்பிறகு இசையைப் பற்றிப் பேச இடமே இருக்காது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பட்டியலில் இல்லாததால் நம் ரசனையே மட்டம் என்று கூசிப்போவது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2003இல் எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' முதலிடம் பெற்றது. 2020இல் புதிதாக வாக்கெடுத்தார்கள். அது 24ஆம் இடத்துக்கு இறங்கியது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது. இரண்டு ஆல்பங்களிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை.

கடைசியாக, நானே செய்த தவறு. ஓர் ஆண்டு முதலிடம் பெற்ற ஆல்பத்தை இரண்டு பாடல்களோடு நிறுத்திவிட்டு, நண்பரிடம் அதைக் கடுமையாகச் சாடினேன். "ஐந்தாவது பாடலைக் கேட்டாயா?" என்று கேட்டார். கேட்டிருக்கவில்லை. அந்த வாரம் முழு ஆல்பத்தையும் மூன்று முறை கேட்டேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் காரணம் தெளிவானது. பாடகியின் குரலைத் தாள வாத்தியங்களுக்குப் பின்னால் புதைத்துவிட்டார்கள். அந்தப் புதைவுதான் அழகு என்கிறார் நண்பர். இன்றும் சந்தித்தால் அந்த ஐந்தாவது பாடலில் தொடங்கிவிடுகிறோம்.