பிராட்பேண்ட் இருந்தும் ஃபேக்ஸ் போகவில்லையா? வீட்டிலிருந்து அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா இருக்கிறார். பென்ஷன் சம்பந்தமான ஒரு தாளை அவர் பிரான்சில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் செய்ய வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர், ஸ்கேனர், பைபர் இணைப்பு எல்லாம் வீட்டிலேயே இருந்தும் மூன்று நாளாகத் தாள் போகவில்லை. உட்கார்ந்து பார்த்தபோது நான்கு தவறுகள் தெரிந்தன. நான்குமே பலரும் செய்கிறவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ஃபேக்ஸ் என்பது சத்தம். இரண்டு இயந்திரங்கள் டெலிபோனில் கீச் கீச்சென்று பேசிக்கொள்கின்றன. தாளில் உள்ள கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் அந்தச் சத்தமாகத்தான் போகின்றன. பிராட்பேண்ட் டேட்டாவை மட்டும் சுமக்கிறது, அதற்கு டயல் செய்து பேசத் தெரியாது.

தாத்தாவின் முதல் தவறு இதில்தான். விண்டோஸில் 'ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்' என்ற மென்பொருள் இருக்கிறது. அது மோடம் கேட்டதும், "நெட் மோடம் இருக்கே" என்று ரூட்டரைக் காட்டப் பார்த்திருக்கிறார். அது கேட்பது டெலிபோன் லைனில் செருகும் ஃபேக்ஸ் மோடத்தை. யூஎஸ்பியில் மாட்டுகிற சின்னப் பெட்டியாகக் கிடைக்கும். அது வேண்டாம் என்றால், பிடிஎஃப் ஏற்றினால் தங்கள் லைன் வழியாக அனுப்பித் தரும் இணைய ஃபேக்ஸ் சேவைகள் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு மூன்று தாள் அனுப்புகிறவர் மோடம் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

பழைய செம்புக் கம்பி இணைப்பு இன்னும் இருக்கிறவர்களுக்கு இரண்டே விஷயம். ஃபேக்ஸ் மோடத்தை, பேச்சையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டியான ஸ்ப்ளிட்டரின் டெலிபோன் பக்கத்தில் மாட்டுங்கள். நேரே லைனில் மாட்டினால் பிராட்பேண்ட் சிக்னலும் ஃபேக்ஸும் ஒன்றையொன்று கெடுக்கும். கால் வெயிட்டிங்கை நிறுத்திவிடுங்கள், நடுவில் வரும் ஒரு 'பீப்' போதும், பக்கம் அறுந்துவிடும்.

இப்போது பலருக்கும் பைபர்தான், சிக்கலும் அங்கேதான். பைபர் பெட்டியின் பின்னால் டெலிபோன் துளை இருக்கிறது, டயல் டோனும் வருகிறது. அதனால் பழைய லேண்ட்லைன் போலவே நினைத்துவிடுகிறோம். ஆனால் அங்கே நம் குரல் துண்டு துண்டாக டேட்டாவில் போகிறது. "சாப்ட்டீங்களா" என்பதில் ஓர் எழுத்து விழுந்தாலும் அடுத்த முனையில் இருப்பவர் ஊகித்துக்கொள்வார். ஃபேக்ஸுக்கு ஊகிக்கத் தெரியாது. போதாக்குறைக்கு, இடத்தை மிச்சப்படுத்தக் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளும் உண்டு. அவை மனிதக் குரலுக்கென்று செய்தவை, ஃபேக்ஸின் கீச்சொலியைச் சிதைத்துவிடும்.

இதற்காகவே, ஃபேக்ஸைச் சத்தமாக அனுப்பாமல் டேட்டாவாகவே கொண்டுபோகும் டி.38 என்ற முறை இருக்கிறது. இணைப்புக் கொடுத்தவரிடம் "டி.38 உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் மென்பொருளில் வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600-க்குக் குறைத்துப் பாருங்கள். தாத்தா பிறகு ஃபேக்ஸ் மோடம் மாட்டி முழு வேகத்தில் அனுப்பியதில் ஒவ்வொரு முறையும் பாதிப் பக்கத்தில் அறுந்திருக்கிறது. பிழை திருத்தும் வசதியை அணைத்தால் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகவும் செய்யும், ஆனால் சில வரிகள் விழுந்துபோய்ச் சேரலாம். கணக்கு எண், தேதி உள்ள தாளுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

அப்புறம் கரண்ட். செம்புக் கம்பிக் காலத்தில் டெலிபோனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வரும். பைபர் பெட்டிக்கு நம் வீட்டு மின்சாரம் வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு மறக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கெடு உள்ள தாளைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

எண்ணில் வரும் தவறு சின்னது, ஆனால் அதுதான் அதிகம். பிரான்சில் எண்ணை எழுதும்போது நாட்டுக் குறியீடான 33 என்று தொடங்கி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சைபர் போட்டு, பிறகு 1 என்று தொடர்வார்கள். அந்தச் சைபர் அந்நாட்டுக்குள் டயல் செய்பவர்களுக்கு. இங்கிருந்து 00 33 1 என்றுதான் போக வேண்டும். தாத்தா சைபரையும் சேர்த்து அழுத்தியிருந்தார். நம் ஊருக்கும் இதே கதைதான். இணைய சேவையில் கடலூர் எண்ணைக் கொடுக்கும்போது 04142 என்று தொடங்கக் கூடாது, பிளஸ் 91 4142 என்று வர வேண்டும். புதுச்சேரிக்கு பிளஸ் 91 413. 91-க்குப் பிறகு சரியாகப் பத்து இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

நம் அலுவலகங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. பேசவும் ஃபேக்ஸுக்கும் ஒரே எண். யாராவது எடுத்து "ஹலோ" என்பார், நாம் "ஃபேக்ஸ் டோன் குடுங்க" என்போம், அவர் பொத்தானை அழுத்துவார். கம்ப்யூட்டருக்கும் இணைய சேவைக்கும் அப்படிக் கேட்கத் தெரியாது. ஹலோ என்ற குரலைக் கேட்டு, பதில் இல்லை என்று வைத்துவிடும். முன்கூட்டியே போன் செய்து, "இயந்திரத்தை ஆட்டோவில் போடுங்க, இப்ப அனுப்புறேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. பிரான்ஸ் என்றால் நேரமும் பார்க்க வேண்டும். கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நான்கரை.

கடைசித் தவறு தாளிலேயே இருந்தது. செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஃபேக்ஸுக்குச் சாம்பல் நிறம் கிடையாது, கறுப்பு அல்லது வெள்ளை. கை நிழல் விழுந்த இடமெல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும், வெளிர் ஊதா முத்திரை மறைந்துபோகும். ஸ்கேனரில் கறுப்பு வெள்ளையாக, அங்குலத்துக்கு 200 புள்ளி அளவில் எடுங்கள். படம், வண்ணப் பின்னணி இருந்தால் நீக்கிவிடுங்கள். அவை இருந்தால் அனுப்ப நிமிடக்கணக்கில் இழுக்கும், இழுக்க இழுக்க அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும்.

தமிழில் எழுதிய கடிதம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஃபேக்ஸின் சாதாரணத் தரத்தில் உயரவாக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள்தான். சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அதற்குள் காணாமல் போய்விடும், 'க்' என்பது 'க' ஆகிவிடும். 'ஃபைன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 7.7 வரிகள். எழுத்தையும் 14 அளவுக்குக் குறையாமல் வையுங்கள்.

இணைய சேவையில் 'வரிசையில் உள்ளது' என்று வந்தால் தாள் இன்னும் போகவில்லை என்று பொருள். 'அனுப்பப்பட்டது' என்று வந்தால்கூட ஓர் இயந்திரம் வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே உறுதி. அது வேறு யாருடைய எண்ணாகவும் இருக்கலாம். தேதி, எண், பக்க எண்ணிக்கை உள்ள அந்த அறிக்கையைச் சேமித்து வைத்துவிட்டு, போன் போட்டுக் கேளுங்கள். இலவச சேவையில் ஆதார் நகலை ஏற்ற வேண்டி வந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கிப் பயன்படுத்துங்கள்.

தாத்தாவின் தாளை மறுபடி ஸ்கேன் செய்து, சைபரை எடுத்துவிட்டு, இணைய சேவை வழியாக மதியம் இரண்டரை மணிக்கு அனுப்பினோம். இரண்டாவது முயற்சியில் போய்ச் சேர்ந்தது. அறிக்கையை அச்சடித்து அவருடைய பென்ஷன் ஃபைலில் வைத்திருக்கிறார்.