மதத்தைப் பற்றிக் கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வழிகள்

ஆடி பிறந்துவிட்டால் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு கூட்டம் வந்துவிடும். நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற பிள்ளைகள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், புதிதாக யூடியூப் சேனல் தொடங்கியவர்கள். கோயில், தர்கா, மாதா கோயில் என்று போய் வழிபாட்டுச் செய்திகளைச் சேகரிக்க ஆசை. நேரில் போவதற்கு முன்பே யாரிடமாவது எண் வாங்கி, கேள்விகளைத் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். திட்டு விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எனக்கு வருகிறது: "அண்ணே, நான் என்ன தப்பாக் கேட்டேன்?"

பார்த்தால் மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. 'ஐயா' இருக்கும், 'தயவுசெய்து' இருக்கும், கும்பிடு பொம்மைகூட இருக்கும். நானும் இதே பவ்யத்தோடு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். அதனால் செருப்பைக் கழற்று, கேலி பேசாதே என்கிற பாடத்தையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்தவர் சண்டையைத் தெரியாமல் கையில் எடுப்பது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எனக்கு எரிச்சலும் இதில்தான் அதிகம்.

போன வருடம் ஒரு தம்பி, நாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு எழுதினான்: "ஐயா, அடக்கமானவர்களிடம் வேண்டுவது இஸ்லாத்தில் கூடாது என்கிறார்களே, பிறகு ஏன் தர்காவுக்குப் போகிறீர்கள்?" எங்கோ படித்தான், சந்தேகம் வந்தது, கேட்டான். பதில் ஒரே வரி: "இந்தக் கேள்விய உங்ககிட்ட யாரு தம்பி குடுத்து விட்டது?"

தம்பிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்குள் 1980களிலிருந்தே சூடாக ஓடிக்கொண்டிருக்கும் வாதம் இது. தர்கா, மவ்லிது என்கிற புகழ்ப் பாடல், கந்தூரி என்கிற தர்கா ஆண்டு விழா எதுவும் மார்க்கத்தில் இல்லை என்பது தவ்ஹீத் (ஓரிறைக் கொள்கை) தரப்பு. இறைநேசர்களைக் கண்ணியப்படுத்துவது மார்க்கத்துக்கு உட்பட்டதே என்பது சுன்னத் ஜமாஅத் தரப்பு. இதில் பள்ளிவாசல் இரண்டான ஊர்கள் உண்டு. அப்பா கந்தூரிக்குக் கிளம்பும்போது மகன் முகம் கொடுத்துப் பேசாத வீடுகளும் உண்டு. மேடை போட்டு மைக்கில் கேட்டதை, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொந்த மருமகன் கேட்டதை, முன்பின் தெரியாத ஒரு பையன் வார்த்தை பிசகாமல் கேட்கிறான். எந்தத் தரப்பு இவனை அனுப்பியது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "கந்தூரிக்கு உங்க வீட்டுல என்ன செய்வீங்க?" என்று கேட்டிருந்தால் போதும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ரதங்களோடு கொடி ஊர்வலம் வருவது, சந்தனக்கூடு இரவு, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பித் தந்த 131 அடி பெரிய மினாரா, மொட்டை போட வரும் இந்துக் குடும்பங்கள் என்று மனுஷன் நிறுத்தியிருக்க மாட்டார். ஏன் போகிறார் என்பதும் அந்தப் பேச்சுக்குள்ளேயே வந்து விழுந்திருக்கும்.

வேளாங்கண்ணியிலும் இதே கதைதான். செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்திக் கால் கொப்பளிக்க நடந்து வந்தவரிடம், "மாதாவைக் கும்பிடச் சொல்லி பைபிளில் இல்லையே?" என்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் கேட்டுக் கேட்டு அவருக்குச் சலித்துப்போன கேள்வி. ஆராதனை ஆண்டவருக்கு மட்டும்தான், மாதாவுக்குச் செய்வது வணக்கம் என்று சிறுவயதில் ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் படித்ததை ஒப்பிப்பார். அதோடு வாயை மூடிக்கொள்வார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் யார் எந்த மந்திரத்தைச் சொல்வது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கோர்ட் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போய் "எது சாமி சரியான மந்திரம்?" என்று ஒரு பொறியியல் மாணவர் கேட்டாராம். எந்த வக்கீலின் ஆள் என்றுதான் பார்த்திருப்பார்கள்.

நாட்டார் கோயிலில் அந்த இடத்தில் நிற்பது கிடா வெட்டு. பங்காளிகளில் படித்து வெளியூர் போனவர்கள் சர்க்கரைப் பொங்கல் போதும் என்பார்கள். சாமியாடி ஒப்ப மாட்டார். போதாததற்கு, 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி 2003 ஆகஸ்டில் அரசு உயிர்ப்பலியைத் தடுக்கத் தொடங்கியது. 2004இல் அந்தச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தச் சில மாதங்களில் பலி பற்றி விசாரித்தவன் போலீஸ், இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸ். அந்தக் கூச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒரு பூசாரி என்னிடம் "அதெல்லாம் இப்பக் கிடையாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வேப்பமரத்துக்குப் பின்னால் மாலை போட்ட கிடா கத்துகிறது. நானும் கேட்காத மாதிரி நின்றேன், அவரும் கேட்காத மாதிரி நின்றார்.

ஆகவே அனுப்புவதற்கு முன் அதே சமூகத்தில் பழக்கமான ஒருவரிடம் கேள்வியைக் காட்டி, "இதை ஏற்கெனவே யாராவது உங்களை மடக்கக் கேட்டிருக்கிறார்களா?" என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

குலதெய்வம் எது என்று கேட்பது

பக்தியாகத்தான் கேட்கிறோம். எதிரே இருப்பவருக்கோ, சாதியைச் சுற்றி வளைத்து விசாரிப்பதாகத்தான் கேட்கும். தெய்வம், ஊர், பங்காளி வகையறா மூன்றும் தெரிந்தால் நம்மூர்க்காரன் மிச்சத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் முதலில் என் குலதெய்வத்தையும் அது இருக்கும் ஊரையும் சொல்லிவிடுவேன். விருப்பம் இருந்தால் அவர் தொடர்வார்.

எப்போது மதம் மாறினீர்கள்

இதை எழுத்தில் கேட்கவே வேண்டாம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு இருந்தது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் கிறிஸ்தவத்துக்கு மாறினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். புதுச்சேரிப் பெண் ஒருவர் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சான்று கோரிய வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சான்றிதழில் ஒரு பெயர், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ஒரு பெயர் என்று இருக்கும் குடும்பத்துக்கு உங்கள் அப்பாவிக் கேள்வி பிள்ளையின் சீட்டிலும் வேலையிலும் கை வைப்பது. செல்போனில் அது பதிவாகவும் கிடக்கும். இதைக் கேட்டு ஒரு வீட்டின் கதவையே மூடவைத்த பிள்ளை, "கல்லூரியில் கொடுத்த படிவத்தில் இருந்தது சார்" என்றாள். படிவம் போட்டவர்களை என்ன சொல்ல.

ஒருவரிடம் மொத்த மதத்துக்கும் பதில் கேட்பது

அவர் அரபு நாட்டுக்கும் பொறுப்பில்லை, வாடிகனுக்கும் பொறுப்பில்லை.

"யாரையும் புண்படுத்த அல்ல" என்று தொடங்குவது

அந்த வரியைப் படித்ததுமே அடுத்த வரியில் புண்பட ஆள் தயாராகிவிடுகிறது. எடுத்துவிடுங்கள். சட்டத்திலும் அது கவசம் இல்லை. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927இல் வந்த 295ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு அவமதித்திருந்தால்தான் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. நோக்கத்தை நீதிமன்றம் பிறகு பார்க்கும். உங்கள் செய்தியைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிட்டுப் புகார் எழுதப் போகிறவர் அதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

கருவறையைப் படம் அனுப்பச் சொல்வது

வேண்டாம்.

பதில் வராதவரிடம் மறுபடி கேட்பது

நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆயிற்றா? வேறு ஆளைப் பாருங்கள். "ஐயா???" என்று மூன்று கேள்விக்குறி போட்டு அனுப்பாதீர்கள்.