மூன்றரை மணி நேரம்தான் சார்

சென்னையில் டிக்கெட் போடும் கடையில் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். வேலை கற்க வரும் பிள்ளைகள் என் பழைய தவறுகளையே திருப்பிச் செய்யும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. பெயரில் எழுத்துப்பிழை, பாஸ்போர்ட் காலாவதி இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே தூரமும் நேரமும் மட்டும்.

தூரத்தைப் பார்த்து நேரம் சொல்வது

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். தூரம் காட்டும் இணையதளங்கள் பக்கத்திலேயே மூன்றரை மணி நேரம் என்று போட்டுவிடும். இரண்டு ஊருக்கும் இடையிலான மிகக் குறுகிய கோட்டை எடுத்து, மணிக்கு எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டரால் வகுத்த கணக்கு அது. டிக்கெட்டில் இருப்பது வேறு. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. பிளாக் டைம் என்போம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் மேலே வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. சிங்கப்பூருக்கு நாலேகால் மணி நேரத்துக்குக் குறைத்து எண்ணாதீர்கள்.

நான் எண்ணினேன். பேரக்குழந்தையைப் பார்க்க பெர்த் கிளம்பிய ஒரு வயதான தம்பதி. காசு மிச்சமாகட்டும் என்று சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து காலை 6.50க்கு வேறு கம்பெனியில் தனி டிக்கெட். முதல் விமானம் இரவு 9 மணி. அன்று மதியம் குறுஞ்செய்தி வந்தது: புறப்பாடு இரவு 11.15. சேரும் நேரம் அதில் இல்லை. இணையதளத்தைத் திறந்தேன், மூன்றரையைக் கூட்டினேன், 2.45. "நாலு மணி நேரம் இருக்கு, நிம்மதியாப் போங்கம்மா" என்றேன்.

உண்மையில் விமானம் நின்றபோது நம் ஊரில் 3.35. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே 6.05. கவுன்டர் மூடியாகிவிட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, இரண்டாவது கம்பெனி பணத்தைத் திருப்பித் தரவில்லை. அன்றைய விலையில் இரண்டு புது டிக்கெட், என் கையிலிருந்து. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

போன மாதம் புதுப் பையன் அதே இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "மூன்றரை மணி நேரம்தான் சார்" என்றான். நேரம் மாறினால் விமான எண்ணைப் போட்டு, சேரும் நேரத்தை அந்த ஊர்க் கணக்கில் பார்க்க வேண்டும். கூட்டல் போடக் கூடாது. அவ்வளவுதான்.

துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்பது

துபாயும் கிட்டத்தட்ட அதே 2,900தான். காலை 10 மணிக்குக் கிளம்பினால் துபாயில் 12.50, சிங்கப்பூரில் மாலை 4.50 என்று டிக்கெட் காட்டும். கழித்துப் பார்க்கிறவர் ஏமாறுவார். இரண்டுக்கும் பயணம் ஒன்றேதான்.

போகிற நேரமே வருகிற நேரம் என்பது

லண்டன் போக ஆவதைவிட வர நேரம் குறைவு; மேலே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தள்ளிவிடும். 2016இல் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்குக்குப் பதில் பசிபிக் வழியாகத் திருப்பியது. தூரம் கூடியது, நேரம் குறைந்தது.

கடல் மைலைக் கிலோமீட்டராகப் படிப்பது

1.852ஆல் பெருக்குங்கள்.

லண்டன் கடிகாரம்

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேர வித்தியாசம், மற்ற நாட்களில் ஐந்தரை. கடைக் காலண்டரில் அந்த இரண்டு ஞாயிறுக்கும் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன்.