ஒளிந்து வாழும் ஆசானைக் கதையில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாயசக்தி நிறைந்த ஓர் உலகம். அங்கே எல்லோரையும்விட வல்லவர் ஒருவர், தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் ஒரு டீக்கடையோ மருந்துக்கடையோ நடத்திக்கொண்டிருக்கிறார். இணையத் தொடர்கதைகளில் அடிக்கடி வரும் கரு இது. எனக்கு மிகவும் பிடித்த கருவும்கூட. அதனாலேயே இது வீணாகும்போது மனசு கேட்பதில்லை.

பெரிய தவறு, அவருடைய வேலையை வெறும் வேஷமாக வைப்பது. டீக்கடை என்கிறோம்; காலையில் பால் எப்போது வருகிறது, யார் கணக்கில் பாக்கி நிற்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது. அதைத் தையல் கடையாக மாற்றினாலும் கதையில் ஒன்றும் மாறாது என்றால், அந்த வாழ்க்கை கதைக்குள் வரவே இல்லை.

திருவிளையாடற் புராணத்தில் பிட்டுக்கு மண் சுமந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வையை பெருகுகிறது, கரையை அடைக்க ஆளுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் ஆணையிடுகிறான். யாருமில்லாத வந்திக்கிழவிக்குக் கூலியாளாகச் சிவன் வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. வாங்கித் தின்கிறார், ஆடுகிறார், பாடுகிறார், படுத்துத் தூங்குகிறார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமலே கிடக்கிறது. பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அவன் முதுகு உட்பட எல்லா உயிர்கள் மேலும் விழுகிறது. ரகசியம் எங்கே உடைகிறது, பாருங்கள். எந்த அசுரனும் வந்து சண்டைக்கு இழுக்கவில்லை. கூலியாள் மண் போடாததற்கு விழுந்த அடி அது.

ஜின் யோங் 1963இல் தொடராக எழுதத் தொடங்கிய சீன நாவலொன்றில், ஷாவ்லின் மடத்து நூலகத்தைக் கூட்டும் பெயரில்லாத துறவியும் இப்படித்தான். இரவில் திருட்டுத்தனமாக வந்து போர்க்கலை ஏடுகளைப் படிக்கும் இருவரைப் பல ஆண்டுகளாக அவருக்குத் தெரியும். துடைப்பத்தோடு அங்கேயே கிடந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? அத்தனை பெரிய நாவலில் அவர் முன்னால் வருவதே கடைசிப் பகுதியில்தான்.

அப்புறம், அவசரம். பன்றி வேஷம் போட்டுப் புலியைத் தின்பது என்று சீனத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. எளியவரென்று நினைத்து அவமதித்தவன் நடுங்கும் காட்சி ஒருமுறை இனிக்கும். அதையே அத்தியாயத்துக்கு அத்தியாயம் வைத்தால், இத்தனைக்குப் பிறகும் சந்தேகப்படாத ஊரார் எல்லோரும் மடையர்களாகிவிடுவார்கள். ஊராரில் ஒருவராவது சந்தேகப்படட்டும். தெரிந்தும் வாய் திறக்காத ஒரு பாட்டி இருந்தால் கதைக்கு எவ்வளவு பலம்!

உலகத்தின் விதியையும் மறந்துவிடக்கூடாது. ஒருவரின் சக்தி எந்தப் படியில் இருக்கிறது என்று மற்றவர்களால் உணர முடியும் என்று முதலில் எழுதிவிட்டு, ஆசானை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று எழுதிவிடுவார்கள். எப்படி மறைக்கிறார் என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

ஏன் மறைகிறார் என்ற காரணம் இதைவிட முக்கியம். "அமைதி பிடிக்கும்" என்பது போதாது. மறைவதால் அவருக்கு ஏதாவது நஷ்டம் வர வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறது. மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை தொட்டால் குணமாகிவிடும். தொட்டால் விடிவதற்குள் அவரைத் தேடுபவர்களுக்கும் தெரிந்துவிடும். குழந்தையின் அம்மா கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த இரவை எழுதாமல் அடுத்த சண்டைக்குத் தாவிவிடாதீர்கள்.