பூர்வகுடி வீடமைப்பு: அமைச்சர் பாராளுமன்றக் குழுவின் முன் வரும்போது நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச்சில் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் கரென் ஹோகன், முதற்குடிகள் (First Nations) எனப்படும் பூர்வகுடி மக்களின் வீடமைப்புப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். 2003இலிருந்து எண்ணினால், அதே விடயத்தில் அந்த அலுவலகம் செய்த நான்காவது கணக்காய்வு அது. இருபது வருடங்களில் ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். பூஞ்சணம் பிடித்த சுவர்களும், இடமில்லாமல் நெருக்கியடித்துப் படுக்கும் குடும்பங்களும் மாறவில்லை.

இந்த அறிக்கைகள் பாராளுமன்றக் குழுக்களுக்குத்தான் போகின்றன. அமைச்சர்களும் அங்கே வந்து பதில் சொல்கிறார்கள். அந்த அமர்வுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் பார்க்கிற நாம், அதைப் பற்றி எழுதுகிற நாம், சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். டொரன்டோப் பகுதியின் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் தமிழர்களான நாம் வீடு வாங்கிக் குடியிருப்பது பூர்வகுடிகளின் பாரம்பரிய நிலத்தில். அதனால் இதைச் சரியாக விளங்கிக்கொள்வது நமக்கும் உரிய பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

தவறான அமைச்சரைக் கேட்பது

நம்மவர்களிடம் இந்தத் தவறு அதிகம். 2023 ஜூலையில் தமிழரான கெரி ஆனந்தசங்கரி அரச - பூர்வகுடி உறவுகள் அமைச்சரானபோது, பூர்வகுடிகள் தொடர்பான எல்லாமே அவர் கையில் வந்துவிட்டதாகப் பலர் பேசினார்கள். உண்மையில் பழைய அமைச்சு இரண்டாகப் பிரிக்கப்படும் என்று 2017இலேயே அறிவித்துவிட்டார்கள். ரிசேர்வ் எனப்படும் ஒதுக்கப்பட்ட நிலங்களில் வீடமைப்பு, பூர்வகுடிச் சேவைகள் அமைச்சின் பொறுப்பு. கணக்காய்வு வந்த நேரத்தில் அதன் அமைச்சர் பட்டி ஹைடு. ஆனந்தசங்கரியின் அமைச்சு உடன்படிக்கைகள், நில உரிமைக் கோரிக்கைகள், சுயாட்சி ஒப்பந்தங்கள் போன்றவற்றைப் பார்த்தது. சுயாட்சி பெற்ற முதற்குடிகளுக்கும், ஆர்க்டிக் வடபகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்கும் போகும் வீடமைப்புப் பணத்தில் அதற்கும் பங்கு உண்டு.

அதோடு முடியவில்லை. ரிசேர்வ் வீடமைப்புக்கான பணத்தின் இன்னொரு பகுதி கனடா அடமான, வீடமைப்புக் கூட்டுத்தாபனம் வழியாகப் போகிறது. அது வீடமைப்பு அமைச்சரின் கீழ் வருவது. ஆக, ஒரு குடும்பத்தின் கூரை ஒழுகினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் குறைந்தது இரண்டு பேர். அவர்களில் ஒருவரை மட்டும் கூப்பிட்டால், "அந்தத் திட்டம் எங்களுடையது அல்ல" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். இருவரையும் ஒரே அமர்வில் உட்கார வைக்கச் சொல்லிக் குழு உறுப்பினர்களிடம் கேட்பது பயனுள்ள வேலை.

குழுவின் அதிகாரத்தைத் தப்பாகக் கணிப்பது

அமைச்சரைக் குழு கட்டாயப்படுத்தி இழுத்து வரும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மற்றச் சாட்சிகளுக்குக் குழு அழைப்பாணை விடலாம். பாராளுமன்ற உறுப்பினரான அமைச்சரை அழைக்கத்தான் முடியும். கட்டளையிட வேண்டுமானால் அது முழுச் சபையின் வேலை. பெரும்பாலும் அமைச்சர் ஒரு மணிநேரம் இருப்பார். அதில் ஆரம்ப உரை கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கட்சிகள் ஐந்து, ஆறு நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளும்.

அமைச்சர் எழுந்து போனதும் பார்ப்பதை நிறுத்திவிடுவதும் தவறுதான். அடுத்த மணிநேரத்தில் பேசும் பிரதி அமைச்சரும் அதிகாரிகளும்தான் பல நேரம் விஷயத்தைச் சொல்கிறார்கள். கனடாவில் பிரதி அமைச்சர் என்பவர் அரசியல்வாதி அல்ல, அமைச்சின் தலைமை அதிகாரி. 2006இல் வந்த சட்டத்தின்படி, பணம் விதிப்படி நிர்வகிக்கப்பட்டதா என்று குழுவின் முன் பதில் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தலைமை தாங்கும் பொதுக் கணக்குக் குழுவில் இந்தக் கடமைக்கு நல்ல பலம் உண்டு.

வரவு செலவு மதிப்பீடுகளும் குழுவுக்கு வரும். குழுவால் தொகையைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது. மே 31க்குள் அறிக்கை கொடுக்காவிட்டால், கொடுத்ததாகவே கருதிவிடுவார்கள். அந்தத் திகதிக்கு முன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பில்லியன் கணக்கான பணம் கடந்து போய்விடலாம்.

பணத்தின் தொகையை வீடாக எண்ணுவது

எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அமைச்சர் எவராக இருந்தாலும் முதலில் சொல்வது ஒரு பெரிய தொகை. செய்தியிலும் அதே தொகைதான் வரும். அறிவித்த பணம், சபை ஒப்புதல் கொடுத்த பணம், சமூகத்தின் கைக்குப் போன பணம், கட்டி முடித்த வீடு, இந்த நான்கும் வேறு வேறு. குழுவில் கேட்க வேண்டிய கேள்விகள் இவற்றுக்கு இடையில்தான் இருக்கின்றன.

கணக்காய்வாளர் சொன்னதைப் பாருங்கள். 2018-19 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பூர்வகுடிச் சேவைகள் அமைச்சு, வீடமைப்புக் கூட்டுத்தாபனம் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து முதற்குடிகளின் வீடமைப்புக்குச் செலவழித்தது 3.86 பில்லியன் டொலர். தனியாகக் கேட்டால் பெரிய பணம். ஆனால் முதற்குடித் தலைவர்களின் தேசிய அமைப்பான முதற்குடிகள் பேரவை 2021இல் மதிப்பிட்ட தேவை சுமார் 44 பில்லியன். 55,320 புதிய வீடுகள் வேண்டும், 80,650 வீடுகளைத் திருத்த வேண்டும் என்பது அந்த மதிப்பீடு. இடைவெளியை 2030க்குள் மூடுவோம் என்பது அரசாங்கமே கொடுத்த வாக்கு. ஏழு வருடங்கள் மிச்சமிருந்த நிலையில் தேவையில் 80 வீதம் அப்படியே கிடந்தது. பெரிய திருத்தமோ மாற்று வீடோ தேவைப்பட்ட வீடுகளின் பங்கு 2015-16இல் 20.8 வீதம். 2021-22இல் 19.7. ஆறு வருடத்துக்கு ஒரு வீதப் புள்ளி.

பணம் எங்கே போனது என்பது அதைவிட முக்கியம். வீடுகள் மிக மோசமாக இருந்த சமூகங்களுக்கு, அதே அளவுள்ள ஆனால் வீடுகள் நன்றாக இருந்த சமூகங்களைவிடக் குறைவாகவே பணம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் எழுத ஆளும் வசதியும் இருக்கிற சமூகத்துக்குக் கதவு திறக்கிறது, இல்லாத சமூகம் வரிசையின் பின்னால் நிற்கிறது. அப்புறம், பிராந்தியங்களுக்குப் பணம் பிரிக்கும் சூத்திரத்துக்குக் கூட்டுத்தாபனம் பயன்படுத்தியது 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுத் தரவு. அல்பேர்ட்டா, சஸ்கட்சுவான், மனிட்டோபா மாகாணங்களிலுள்ள முதற்குடிகளுக்கு உரிய பங்கு அதனால் கிடைக்கவில்லை. பூஞ்சணப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதே இரண்டு நிறுவனங்களுக்கும் தெரியவில்லை. குழந்தைகள் மூச்சுவிடக் கஷ்டப்படும் ஒரு பிரச்சினையின் அளவைக்கூட அளந்து வைக்கவில்லை என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

நகரங்களிலும் இதே கதைதான். பாராளுமன்ற வரவு செலவு அதிகாரி 2021இல் ரிசேர்வுக்கு வெளியே வீட்டுத் தேவையில் இருக்கும் பூர்வகுடிக் குடும்பங்களை 124,000 என்று மதிப்பிட்டார். ஏற்கனவே இருக்கும் திட்டங்களைக் கழித்த பிறகும் வருடத்துக்கு 636 மில்லியன் டொலர் இடைவெளி என்றார். 2023 வரவு செலவுத் திட்டம் இதற்கு 4 பில்லியன் அறிவித்தது, ஏழு வருடங்களுக்கு. வகுத்துப் பார்த்தால் சராசரியாக வருடத்துக்கு 570 மில்லியன் சொச்சம். வகுத்துப் பார்க்காமல் தலைப்பை மட்டும் படித்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலத் தெரியும்.

சமூகத் தலைவர்களைக் குற்றவாளி ஆக்குவது

குழுவில் அமைச்சருக்கு நெருக்கடி வரும்போது பேச்சு மெல்ல "அந்தப் பணத்தை அவர்கள் என்ன செய்தார்கள்?" என்று திரும்பும். ஒன்ராறியோவின் வடக்கே, ஜேம்ஸ் குடாவுக்கு அருகிலுள்ள அட்டவாபிஸ்காட்டை நினைத்துப் பாருங்கள். 2011 அக்டோபரில் அங்கே தலைவர் தெரேசா ஸ்பென்ஸ் அவசரநிலை அறிவித்தார். குளிர்காலம் நெருங்க, குடும்பங்கள் கூடாரங்களிலும் கொட்டில்களிலும் இருந்தன. அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், 2006இலிருந்து அந்தச் சமூகத்துக்கு 90 மில்லியன் டொலர் கொடுத்துவிட்டோம் என்று சபையில் சொன்னார். அது வீட்டுக்கு மட்டுமான பணம் அல்ல. பாடசாலை, சமூக உதவி உட்பட பல வருடச் செலவு எல்லாம் சேர்ந்த தொகை. ஆனால் மக்கள் மனதில் நின்றது அந்த 90 மட்டும்தான். அரசாங்கம் அவர்களுடைய நிதியைப் பார்க்க வெளியாள் ஒருவரை நியமித்தது. அந்த நியமனம் நியாயமற்றது என்று 2012இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது எத்தனை பேர் கவனித்தார்கள்?

ரிசேர்வில் வீடு கட்டுவது நாம் வங்கிக்குப் போய் அடமானம் எடுப்பது போன்றதும் அல்ல. இந்தியன் சட்டத்தின்படி அந்த நிலத்தை வெளியார் கடனுக்காகக் கைப்பற்ற முடியாது. நிலம் பறிபோகாமல் காக்கும் அதே விதி, சாதாரண அடமானக் கடனுக்கும் தடையாகிறது. அதனால் அமைச்சரின் கடன் உத்தரவாதம்வரை எல்லாவற்றுக்கும் ஒட்டாவாவிலுள்ள கூட்டாட்சி அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. "ஏன் அவர்களே கட்டக் கூடாது?" என்று கேட்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

எல்லாப் பூர்வகுடிகளையும் ஒரே கணக்கில் போடுவதும் சரியல்ல. முதற்குடிகள், இனுயிட், பூர்வகுடி - ஐரோப்பியக் கலப்பு மரபில் வந்த மெட்டி ஆகிய மூன்று மக்களுக்கும் வெவ்வேறு திட்டங்கள், வெவ்வேறு நிலைமைகள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி இனுயிட் தாயகத்தில் வாழும் இனுயிட் மக்களில் 52.9 வீதமானோர் இட நெருக்கடியுள்ள வீடுகளில் இருந்தார்கள். தேசிய சராசரிக்குள் போட்டால் இது காணாமல் போய்விடும்.

கோபமான கேள்வியே நல்ல கேள்வி என்று நினைப்பது

உறுப்பினர் ஒருவர் அமைச்சரை உலுக்கி எடுக்கும் முப்பது விநாடி வீடியோவை நாமும் பகிர்கிறோம். கோபம் நியாயமானதுதான். ஆனால் "வெட்கமாக இல்லையா?" என்று கேட்டால் அமைச்சர் வருத்தம் தெரிவித்து விட்டுப் போய்விடலாம். "சூத்திரத்தில் 2001 தரவை எந்த மாதத்தில் மாற்றுவீர்கள்? அதற்குப் பொறுப்பான அதிகாரி யார்? எழுத்தில் எப்போது தருவீர்கள்?" என்று கேட்டால் பதிவில் ஒரு திகதி விழும். அடுத்த அமர்வில் அந்தத் திகதியைக் காட்டிப் பேசலாம். "பிறகு எழுத்தில் தருகிறேன்" என்று அமைச்சர் சொல்லும் இடங்களைக் குறித்து வையுங்கள். அது வந்ததா என்று குழுவின் எழுதுவினைஞரிடம் யாரும் மின்னஞ்சலில் கேட்கலாம்.

அறிக்கை வந்ததும் விட்டுவிடுவது

குழு கேட்டுக்கொண்டால், நிலையியற் கட்டளை 109இன்படி 120 நாட்களுக்குள் அரசாங்கம் முழுமையான பதில் தர வேண்டும். பலர் அறிக்கையைப் படிக்கிறார்கள், பதிலைப் படிப்பதில்லை. "பரிந்துரையின் நோக்கத்தை ஆதரிக்கிறோம்" என்று தொடங்கி, ஏற்கனவே நடக்கும் திட்டங்களைப் பட்டியலிட்டு முடியும் பத்திகளை அங்கே காணலாம். புதிதாக ஒரு செயலும் திகதியும் இல்லாத பதிலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாராளுமன்றம் கலைந்தால் குழுக்களும் இல்லாமல் போகும், முடியாத ஆய்வுகள் அப்படியே நின்றுவிடும். 2025 ஜனவரி 6இல் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. மார்ச்சில் சபை கலைந்தது, ஏப்ரல் 28இல் தேர்தல் வந்தது. மே மாதம் பூர்வகுடிச் சேவைகள் அமைச்சரான மாண்டி கல்-மாஸ்டி, முதற்குடிகளில் ஒன்றான கிரீ இனத்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி நபர். அது மகிழ்ச்சியான செய்தி. அதற்காக முந்தைய அமைச்சர் கொடுத்த வாக்குகள் கழிந்துபோய்விடாது. கணக்காய்வு அமைச்சைப் பற்றியது, அது நபரோடு போய்விடுவதில்லை.

குழு ஆய்வு தொடங்கும்போது பொதுமக்களும் எழுத்துச் சமர்ப்பிப்பு அனுப்பலாம். பூர்வகுடி அமைப்புகள் ஏற்கனவே அனுப்பியதைப் படித்து, அவர்கள் கேட்பதற்கு ஆதரவாக எழுதுங்கள், அவர்கள் இடத்தில் நின்று எழுத வேண்டாம். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். புதிய வீடு எத்தனை, திருத்திய வீடு எத்தனை என்று தனித்தனியாக, ஒவ்வொரு வருடமும் 2030வரை அமைச்சு குழுவுக்குக் கணக்குக் கொடுக்குமா என்று அவரிடம் கேளுங்கள்.