மலைநாட்டு ஈரமும் தோட்டாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துவக்கை வாரம் தவறாமல் துடைக்கிறவர்கள்கூட தோட்டாவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெலிமடைப் பக்கம் கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறுகிறது என்று லைசன்ஸோடு 12 போர் துவக்கு (போர் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் ஒடுங்கும்) வைத்திருந்த என் மாமா, தோட்டாக்களை அடுப்புக்கு மேலே பரணில்தான் வைப்பார். சூட்டில் காய்ந்து இருக்குமாம். பகலெல்லாம் சூடு, விடிகாலையில் பனிக்குளிர் என்று மாறி மாறிப் பட்டால் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் வியர்க்கும். பிறகு பச்சை பூக்கும். தோல் பட்டியிலேயே மாதக்கணக்கில் செருகி வைத்தாலும் அதே கதைதான்.

ஈரம் புக வசதியான இடம் தோட்டாவின் வாய். ரவை, அதாவது உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகள், கொட்டாமல் அதை ஆறு அல்லது எட்டு மடிப்பாக மடித்திருப்பார்கள். பழைய ரகத்தில் அட்டை வில்லை வைத்து விளிம்பைச் சுருட்டியிருக்கும். அந்த மடிப்பு வெறும் மூடி அல்ல. வெடிமருந்து சரியாகப் பற்றி எரிய அது கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். மடிப்பு தளர்ந்த தோட்டாவை விரலால் அழுத்தி, பசை தடவிச் சரிபண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மருந்து அரைகுறையாக எரிந்தால் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பு குழலிலேயே நின்றுவிடலாம். வெடிச்சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். துவக்கைத் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

காகிதத் தோட்டா ஈரத்தில் ஊதி, அறைக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) போகாமல் அடம்பிடிக்கும். தட்டித் திணிக்க வேண்டாம். எண்ணெய் தடவுவது இன்னும் மோசம், அது கசிந்து தொப்பி மருந்தை, அதாவது அடியில் முதலில் பற்றும் மருந்தை, கெடுத்துவிடும்.

நீளத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 70 மில்லிமீற்றர் என்று எழுதியிருப்பது மடிப்பு விரிந்த பிறகு உள்ள அளவு. மடித்த நிலையில் அது 65 மில்லிமீற்றர் அறையுள்ள பழைய துவக்கிலும் சுகமாக நுழையும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஒல்லியான 20 போர் தோட்டா அதைவிட ஆபத்து: 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கும், பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதற்காகத்தான்.

வெடிக்கவில்லையா? உடனே திறக்காமல் ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிஷம் பொறுங்கள்.

மாமாவின் தோட்டாக்கள் இப்போது இறுக்கி மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, துவக்கு இல்லாத வேறொரு பெட்டியில் பூட்டியிருக்கின்றன. பச்சை பூத்ததைப் பொலிஸில் ஒப்படைத்தார். அடுப்பில் போடலாமே என்று அத்தை சொன்னதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை.