காமெடிப் படத்துக்கு ரெண்டு விதமாப் பேச்சு வந்தால் எப்படி முடிவெடுப்பது?

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போய்ப் படம் பார்ப்பதென்றால் ஒரு வழிக்கே 50 கிலோமீட்டருக்கு மேல். வீட்டில் ஐந்து பேர் என்றால் பஸ், டிக்கெட், பாப்கார்ன், திரும்பும்போது புரோட்டா என்று எங்களைப் போன்ற மீனவர் வீட்டில் ஒரு நாள் பாட்டுக் காசு, அதாவது அன்றைக்குப் பிடித்த மீனின் காசு, கரைந்துவிடும். கோடை லீவுப் படங்கள் வருவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான், அப்போது பாடே கிடையாது. அதனால் வழுக்கி விழுவதும் அடி வாங்குவதுமாக ஓடும் ஒரு தரலோக்கல் காமெடிப் படத்தை ஒருத்தர் மரண மொக்கை என்றும் இன்னொருத்தர் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றும் சொல்லும்போது, கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போவதுதான் நல்லது.

முதலில், ரெண்டையும் கூட்டி ரெண்டால் வகுத்து 'சுமார்' என்று முடிவு கட்டாதீர்கள். இந்த மாதிரிப் படம் ஒருத்தருக்குப் பிடிக்கும் அல்லது எரிச்சலாகும், நடுவில் நிற்பவர்கள் குறைவு. மதிப்பெண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். விமர்சனங்களைத் தொகுத்துச் சொல்லும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 60 சதவீதம் என்றால் படத்துக்கு 60 மார்க் என்று அர்த்தமில்லை, நூறு விமர்சகர்களில் அறுபது பேர் பரவாயில்லை என்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனந்த விகடனில் '16 வயதினிலே' படத்துக்கே 62.5 தான், அதனால் அங்கே 40 என்பதைப் பரீட்சை மார்க் மாதிரிப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்து, திட்டுகிறவர் எதற்குத் திட்டுகிறார் என்று பாருங்கள். 'லாஜிக் இல்லை', 'கதை இல்லை' என்பதைத் தள்ளிவிடலாம், ஏணியிலிருந்து விழுகிறவனிடம் யாரும் கதை கேட்பதில்லை. 'ரெண்டாம் பாதி இழுவை' என்று மூன்று பேர் சொன்னால் நம்புங்கள். நிறத்தையும் உடம்பையும் ஊனத்தையும் கேலி செய்கிறது, ரெட்டை அர்த்த வசனம் இருக்கிறது என்று ஒரே ஒருத்தர் சொன்னால்கூடப் போதும், அம்மாவையும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெளிய வேண்டியிருக்கும். என்னைப் பொறுத்தவரை அந்தப் படத்துக்குப் போகவே வேண்டாம்.

பார்த்துவிட்டு வந்தவரிடம் 'படம் எப்படி?' என்று கேட்காதீர்கள், 'ஒரு சீன் சொல்லுங்க' என்று கேளுங்கள். போன வருடம் எங்கள் வாடியில் (கடற்கரையில் மீன் காயவைக்கும் இடம்) கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தையிடம் அப்படித்தான் கேட்டேன். கையிலிருந்த நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளை பந்தலில் வாளியோடு வழுக்குவதை எழுந்து நின்று நடித்தே காட்டினார், பாதியிலேயே சிரிப்பு வந்து சொல்லி முடிக்க முடியவில்லை. அதே படத்தைத் தம்பி 'டைம்பாஸ்ணே' என்றான், எவ்வளவு கேட்டும் ஒரு சீன்கூட அவனுக்கு ஞாபகமில்லை. நான் அத்தை பேச்சைக் கேட்டுப் போனேன், காசு வீணாகவில்லை.

இந்தக் காமெடிக்கு உயிரே டைமிங்தான். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணி தலையில் சுத்தியல் விழும் காட்சியை நினைத்துப் பாருங்கள். 2019 மே மாதம் ஃபேஸ்புக்கில் ஒரு சுத்தியலின் போட்டோவைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று யாரோ கேட்கப்போய், இதுதான் நேசமணி தலையில் விழுந்தது என்று ஒருத்தர் பதில் போட, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று உலகமே பேசியது. பதினெட்டு வருடம் கழித்தும் ஒரு அடி நினைவில் நிற்கிறதென்றால் அது சும்மா விழுந்த அடி இல்லை. அதனால் 'படம் மொக்கை, ஆனா இருபது நிமிஷம் செம' என்று யாராவது சொன்னால் அதுவும் நியாயமான விமர்சனம்தான். அப்படிப்பட்ட படத்துக்குப் பஸ் ஏற வேண்டாம், அந்த இருபது நிமிஷம் எப்படியும் டிவியில் வரும்.

எந்தக் காட்சிக்குப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். விமர்சகர் கவனமாகக் குறித்துக்கொண்டே பார்ப்பார், சிரிப்போ கூட்டத்தில்தான் தொற்றும். படம் வெள்ளிக்கிழமை வரும், எங்கள் ஊர் விசைப்படகு திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகும். சனிக்கிழமை கடலுக்குப் போனவர் ஞாயிறு காலை கரைக்கு வந்து மீனை இறக்குவதற்குள் ரசிகர் கத்தலெல்லாம் அடங்கி, குடும்பத்தோடு பார்த்தவர்கள் பேசத் தொடங்கியிருப்பார்கள். அவர்களிடம் சீன் கேட்டுவிட்டு ஞாயிறு மாலைக் காட்சிக்குக் கிளம்புங்கள். திங்கள் விடியலில் மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் இரவுக் காட்சி வேண்டாம். பாதி காலியாக இருக்கும் செவ்வாய் மதியக் காட்சிக்கும் போகாதீர்கள், அங்கே நல்ல காமெடிகூட எடுபடாது.